ஒளிப்படப் பகிர்வுக் கருவிகளும் மொழி வகுப்பறையும்: ஒரு திறனாய்வு

0. முன்னுரை

மொழி கற்பித்தலில் படத்தின் பயன் புதிதன்று. மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நூரெம்பெர்க் நகரில் வெளியிட்ட படநூல் இலத்தீனத்தையும் ஜெர்மனையும் படத்தின் துணையோடு கற்பித்தது. அதன்பின் வந்த படவட்டைகள், சுவர்ப்படங்கள், வில்லைக்காட்சிகள் ஆகியவற்றின் வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்தவை இணையவழி ஒளிப்படப் பகிர்வுக் கருவிகள். ஆசிரியர் படம் தேட வேண்டிய உழைப்பை இவை பெரிதும் குறைத்தன. மாணவரே படம் எடுத்துப் பதிவேற்றவும், பிறர் எடுத்த படத்திற்குப் பெயரும் விளக்கமும் எழுதவும் இவை இடமளித்தன. இதனால் இவை மொழி வகுப்பிற்கு மிகவும் ஏற்றவை என்னும் கருத்து ஆசிரியரிடையே பரவியது.

இக்கருத்தை முழுவதும் மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இக்கருவிகள் மொழியின் எக்கூறுகளைக் கற்பிக்க உதவும், எக்கூறுகளைக் கற்பிக்க உதவா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பை மனத்திற்கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மைசூரிலுள்ள தென்மண்டல மொழி மையம் போன்ற இடங்களில் பிறமொழி ஆசிரியர்கள் வளர்ந்த பின்னர்த் தமிழ் கற்கின்றனர். உலகப் பொருள்களைப் பற்றிய அறிவு அவர்களுக்கு உண்டு, இல்லாதது தமிழ்வாக்கியம். ஆகவே கருவியின் தகுதியை வாக்கியத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஒளிப்படப் பகிர்வுத் தளங்களுள் ஃபிளிக்கர் இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வகுப்பறைப் பயன்பாட்டில் பெரிதும் பேசப்பட்டதும், மொழிபெயர்ப்பு ஆய்வுக்குப் படங்களை வழங்கியதும் அதுவே.

1. கருவியின் அமைப்பு

ஃபிளிக்கர் 2004 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கிய லூடிகார்ப் என்னும் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் அந்நிறுவனத்தை நிறுவியவர்கள். 2005இல் யாகூ அதனை வாங்கியது. 2018இல் அது ஸ்மக்மக் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துடன் இணைந்து ‘காமன்ஸ்’ என்னும் பிரிவு தொடங்கப்பட்டது. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தம் பழம்படங்களை அதன்வழிப் பொதுப்பார்வைக்கு வைத்தன.

மொழியாசிரியர் நோக்கில் இக்கருவி ஒரு படத்தோடு சொற்களை மூன்று வகையாக இணைக்கிறது. முதலாவது குறிச்சொல். இது படத்தைத் தேடியெடுக்க உதவும் தனிச்சொல். ஒரு படத்திற்கு 75 வரை இடலாம். பயனரே வகைப்பெயர் இடும் இம்முறைக்குத் தாமஸ் வாண்டர் வால் 2004இல் ‘ஃபோக்சானமி’ எனப் பெயரிட்டார். இரண்டாவது குறிப்புப்பெட்டி. படத்தின் ஒரு பகுதியைச் சுற்றிக் கட்டமிட்டு அதன்மேல் சிறு குறிப்பு எழுதும் வசதி இது. தொடக்கக்கால ஃபிளிக்கரில் ஆசிரியரை மிகவும் கவர்ந்ததும் இதுவே. மூன்றாவது விவரணை. இது படத்தின் கீழ் எழுதப்படும் தொடர் அல்லது பத்தி.

இம்மூன்றும் மொழியளவில் ஒத்தவை அல்ல. குறிச்சொல்லில் வாக்கியம் இல்லை. குறிப்புப்பெட்டியில் பெரும்பாலும் இல்லை. விவரணையில் மட்டுமே வாக்கியம் தேவைப்படுகிறது. ஆனால் வகுப்பறையில் எளிதாக நடைபெறுவதும் விரைவில் முடிவதும் குறிச்சொல் இடும் பயிற்சியே. ஆகவே ஆசிரியர் அறியாமலேயே வகுப்பு அதன் பக்கம் சாய்கிறது. இக்கருவியைப் பற்றிய முதல் குறை இதுவே.

கொமேனியஸின் நூலோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும். அந்நூலிலும் படத்தின் பகுதிகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. ஆனால் அவ்வெண்கள் பெயர்ப்பட்டியலோடு இணைக்கப்படவில்லை. இருமொழியிலும் அமைந்த தொடர்களுக்குள் வரும் சொற்களோடு இணைக்கப்பட்டன. கற்பவர் பொருளைக் கண்டார். அதன் பெயரைத் தொடருக்குள் வைத்துப் படித்தார். குறிப்புப்பெட்டி அவ்வெண்ணின் வேலையைச் செய்தது, தொடரைக் கைவிட்டது.

2. பெயர்: குறிச்சொல்லின் ஆற்றலும் எல்லையும்

சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுப்பது தமிழிலக்கண மரபு. பெயரும் வினையுமே சொல் என முதலில் கூறி, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றும் எனத் தொல்காப்பியர் கொள்வார். படம் எதைக் கற்பிக்கும் என்பதை ஆராய இப்பகுப்பு நல்ல அளவுகோலாகும்.

படம் பெயரை நன்கு கற்பிக்கும் என்பதில் ஐயமில்லை. சில இடங்களில் அகராதியைவிட நன்கு கற்பிக்கும். ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தமிழில் நெல், அரிசி, சோறு என மூன்றாகும். ஆங்கிலத்தின்வழித் தமிழ் கற்பவர் அகராதியில் இம்மூன்றையும் ஒருங்கே கண்டு மயங்குவர். வயலில் விளைந்து நிற்பது, முறத்தில் புடைக்கப்படுவது, இலையில் பரிமாறப்பட்டது ஆகிய மூன்று படங்களை அடுத்தடுத்துக் காட்டின் மயக்கம் நீங்கும். பகிர்வுத் தளத்தில் ‘ரைஸ்’ என ஆங்கிலத்தில் தேடும் ஆசிரியருக்கு இம்மூன்றும் கலந்தே கிடைக்கும். அக்கலப்பையே பயிற்சியாக்கலாம்: கிடைத்த படங்களை மூன்று தமிழ்ச்சொற்களின்கீழ் மாணவர் பிரித்து அடுக்குவாராயின், இரு மொழிகளின் பொருட்பகுப்பு வேறுபாட்டை அவர் தாமே உணர்வர்.

ஆனால் எல்லாப் பெயரும் இவ்வாறு படத்தால் தெளிவதில்லை. ‘அங்கிள்’ என்பதற்குத் தமிழில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எனப் பல சொற்கள் உண்டு. ஒரு குடும்பப் படத்தை எத்துணை நேரம் நோக்கினும் அதில் நிற்பவர் மாமாவா சித்தப்பாவா என்பது தெரியாது. உறவு கண்ணுக்குத் தெரிவதன்று. ஆகவே பருப்பெயரிலும் படம் காட்டத்தக்கது, காட்டத்தகாதது என்னும் பிரிவு உண்டு. பண்பாட்டில் ஆழ வேரூன்றிய உறவுப்பெயர், பதவிப்பெயர், சடங்குப்பெயர் ஆகியவை பெரும்பாலும் இரண்டாம் பிரிவில் அடங்கும்.

காட்டத்தக்க பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அறியாத மொழியைப் பேசுபவர் ஒருவர் ஓடும் முயலைச் சுட்டி ‘கவகாய்’ என்றால், அச்சொல் முயலைக் குறித்ததா, அதன் உறுப்பைக் குறித்ததா, அதன் ஓட்டத்தைக் குறித்ததா என்பதைச் சுட்டலால் மட்டும் அறிய இயலாது என்று குவைன் 1960இல் காட்டினார். ஒளிப்படத்தில் இச்சிக்கல் பெருகுகிறது. வாசலில் இட்ட கோலத்தின் படத்திற்குக் ‘கோலம்’ என்னும் குறிச்சொல் இருந்தால், அது தரையைக் குறித்ததா, மாவைக் குறித்ததா, வடிவத்தைக் குறித்ததா என்று புதியவர் ஐயுறலாம். இந்தி பேசுபவர் உடனே ‘ரங்கோலி’ என்று பொருள்கொண்டு நிறைவடைவர். புள்ளி, இழை, விடியற்காலை வாசல் ஆகியவற்றோடு கூடிய கோலம் அவர் மனத்தில் இடம்பெறாது. தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு அமைதியடையும் இப்போக்கைப் படம் தடுப்பதில்லை. சில வேளைகளில் ஊக்குகிறது.

குறிச்சொல்லின் வடிவமும் தமிழுக்கு முற்றும் பொருந்துவதன்று. இத்தளங்கள் குறிச்சொல்லை எழுத்து வடிவ ஒப்புமையைக் கொண்டே சேர்க்கின்றன. ‘மரம்’, ‘மரங்கள்’, ‘மரத்தில்’ ஆகியவை தமிழறிந்தார்க்கு ஒரு சொல்லின் வடிவங்கள். கருவிக்கோ மூன்று குறிச்சொற்கள். எனவே குறிச்சொல் இடுபவர் எழுவாய் வடிவத்தையே தேர்வது இயல்பாகிறது. ‘மரம்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்து’ எனத் திரியும் என்பதே தமிழ் கற்பவர் முதலில் பழக வேண்டிய செய்தி. குறிச்சொல் பயிற்சியில் அச்செய்திக்கு இடமே இல்லை. நூறு படங்களுக்கு நூறு பெயர்களை எழுதிய மாணவர் ஒரு சாரியையையும் சந்தித்திரார்.

3. வினை: கணமும் காலமும்

வினை காலங்காட்டும், ஒளிப்படமோ ஒரு கணத்தைக் காட்டும். இவ்வேறுபாட்டிலிருந்து இரு விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, எவ்வினை என்பதே படத்தில் தெளிவாக இராது. அலமாரித் தட்டின் மீதுள்ள பானையைப் பற்றிய கை பானையை வைக்கிறதா எடுக்கிறதா என்பதை ஒற்றைப் படம் சொல்லாது. வினை தெரிந்தாலும் தமிழ் அதனை எச்சொல்லால் கூறும் என்பது படத்திற்கு அப்பாற்பட்டது. பின்வரும் தொடர்களைக் காண்க.

(1) அவர் படம் வரைகிறார்.
(2) அவர் வாசலில் கோலம் போடுகிறார்.
(3) அவர் பூக் கட்டுகிறார்.
(4) அவர் தலையில் பூ வைத்திருக்கிறார்.

(1)இலும் (2)இலும் கண்ணுக்குத் தெரியும் செயல் ஏறத்தாழ ஒன்றே. கை அசைய, பரப்பில் கோடு விழுகிறது. ஆயினும் கோலத்திற்குப் ‘போடு’ என்னும் வினையே வழக்கு. நூல்வழக்கில் ‘இடு’ வரும். கோலப் படத்தைக் கண்டு அகராதியின் துணையோடு எழுதும் மாணவர் ‘கோலம் வரைகிறார்’ என்றே எழுதுவர். படம் அவரைத் திருத்தாது. ஏனெனில் படத்தில் தவறில்லை. (4)இல் பூவை உடுக்கையைப்போல் ‘அணிந்திருக்கிறார்’ என்று எழுதுதலும் இவ்வகையினதே. சொற்சேர்க்கை மொழிக்குள் அடங்கிய உண்மை. அதனை மொழி பேசுவாரிடமிருந்தே பெறவியலும்; படத்திலிருந்து பெறவியலாது.

இரண்டாவது விளைவு வினைக்கூற்றைப் பற்றியது. ஆங்கிலத்தில் உடையைக் குறிக்கும் ‘வேரிங்’ என்னும் வடிவம் உடுத்திய நிலையையே பெரும்பாலும் குறிக்கும். தமிழ் இதனை நிலை, செயல் எனப் பிரிக்கும்.

(5) சிறுவன் நீலச்சட்டை அணிந்திருக்கிறான்.
(6) சிறுவன் நீலச்சட்டை அணிந்துகொண்டிருக்கிறான்.

(5) நிலை, (6) சட்டைக்குள் கையை நுழைக்கும் செயல். ஆங்கில வடிவத்தை மனத்திற்கொண்டு எழுதும் மாணவரும், ஆங்கில விவரணையை மொழிபெயர்ப்பவரும் (5) வரவேண்டிய இடத்தில் (6)ஐ எழுதிவிடுவர். இங்குப் படம் உண்மையிலேயே துணைபுரியும். பொத்தான் பூட்டியவன் படத்தையும், சட்டைக்குள் தலையை நுழைப்பவன் படத்தையும் அருகருகே வைத்து எது (5), எது (6) என வினவினால் வேறுபாடு உடனே விளங்கும். ஒற்றைப் படத்தால் இயலாதது, மாறுபட்ட இரு படங்களால் இயல்கிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பகிர்வுத் தளத்தின் பயன் படங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றை இணையிணையாகத் தேர்ந்து வைக்கும் வாய்ப்பில் உள்ளது.

மரியாதை வடிவமும் இங்குச் சுட்டத்தக்கது. தமிழில் வினைமுற்றை முடிக்கும்போது படத்திலுள்ளவரை ‘ஆள்’ விகுதியால் சுட்டுவதா ‘ஆர்’ விகுதியால் சுட்டுவதா என்பதை எழுதுபவர் முடிவு செய்தே ஆகவேண்டும். சுமை தூக்கும் முதியவர், மீன் விற்கும் பெண், கோப்பின்முன் அமர்ந்த அலுவலர் ஆகிய மூவரின் படங்களுக்கும் விவரணை எழுதச் செய்தால், யாருக்கு எவ்விகுதி வந்தது என்பதே ஒரு பாடமாகும். அலுவலருக்கு ‘ஆர்’ எழுதியவர் மீன் விற்பவருக்கு ‘ஆள்’ எழுதியிருப்பின், ஏன் என வகுப்பில் வினவலாம். விடை படத்தில் இல்லை, எழுதியவரிடம் உள்ளது. குறிச்சொல் இத்தேர்வை மறைத்துவிடும், வாக்கியம் வெளிப்படுத்தும்.

4. இடையும் உரியும்: படம் காட்டாதவை

இடைச்சொல்லும் உரிச்சொல்லும் படத்தில் இடம்பெறுவதில்லை. ‘இல்லை’ என்பதைப் படமெடுக்க இயலாது. வெறும் நாற்காலியின் படம் யாரோ இல்லை என்று தானே சொல்வதன்று. யாரையோ எதிர்பார்த்தவருக்கே அது இன்மையாகும். ‘உம்’, ‘ஏ’, ‘தான்’, ‘ஆவது’ ஆகியவையும் எதிர்பார்ப்பையும் ஒப்பீட்டையும் சார்ந்தவை. ‘அவருக்குப் பசிக்கிறது’ என்னும் நான்காம் வேற்றுமைத் தொடரின் பொருளை எக்கருவியும் படம்பிடித்ததில்லை. முகம் சோர்ந்திருப்பது தெரியும். பசியா துயரா என்பது தெரியாது.

சொற்களின் வைப்புமுறையும் இவ்வாறே.

(7) மேசைமேல் புத்தகம் இருக்கிறது.
(8) புத்தகம் மேசைமேல் இருக்கிறது.

இரண்டிற்கும் படம் ஒன்றே. (7) மேசைமேல் என்ன இருக்கிறது என்னும் வினாவுக்கும், (8) புத்தகம் எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கும் விடையாகும். படத்தை மட்டும் காட்டி ‘எழுதுக’ என்னும் ஆசிரியர் இவ்விரண்டனுள் எது பொருத்தம் என்று திருத்த இயலாது. வினா எழுந்த பின்னரே வைப்புமுறை பொருள்பெறும்.

இவற்றைக் கண்டு படம் பயனற்றது என முடிவுகட்டலாகாது. இதற்கு மாறான முடிவுக்கே இவை இட்டுச்செல்கின்றன. படம் காட்டாததைக் கற்பவர் தாமே உய்த்துணர வேண்டியிருக்கிறது. உய்த்துணர்வைக் குறிக்கும் வடிவங்கள் தமிழில் மிகுதி. நனைந்த முற்றம், சொட்டும் கூரை, தெளிந்த வானம் ஆகியவை அமைந்த ஒரு படத்தைக் கொள்வோம்.

(9) மழை பெய்தது.
(10) மழை பெய்திருக்கிறது.
(11) மழை பெய்திருக்கும்.
(12) மழை பெய்ததாம்.

(9) கண்டவர் கூற்றாகலாம். (10) ஈரத்தைக் கண்டு முடிவு செய்தவர் கூற்று. (11) உறுதியின்றி ஊகித்தவர் கூற்று. (12) பிறர் சொல்லக் கேட்டவர் கூற்று. படத்தை நோக்கும் மாணவருக்கு மிகப் பொருந்துவது (10). அவர் மழையைக் காணவில்லை. அதன் அடையாளத்தையே கண்டார். ‘இரு’ என்னும் துணைவினையின் இப்பொருளை விதியாக விளக்கின் பலமுறை விளக்க வேண்டும். இப்படத்தின் முன் ஒருமுறை விளக்கினாலே விளங்கும். மழை பெய்துகொண்டிருக்கும் படம் இதற்கு உதவாது. செயல் படத்தில் இல்லாமையே (10)ஐப் பிறப்பிக்கிறது.

ஆகவே வகுப்பில் படத்தின் பயன் அது காட்டுவதில் தொடங்கினும், அது காட்டாததில்தான் நிறைவுறுகிறது. ‘இது என்ன?’ என்னும் வினா பெயரோடு முடியும். ‘இதற்கு முன் என்ன நடந்திருக்கும்?’, ‘இவர் யாருக்காகக் காத்திருக்கிறார்?’, ‘படத்திற்கு வெளியே யார் நிற்கிறார்?’ என்னும் வினாக்கள் வாக்கியத்தை வேண்டி நிற்கும். கருவி முதல்வகை வினாவுக்கென வடிவமைக்கப்பட்டது. இரண்டாம்வகை வினாவை ஆசிரியரே கொண்டுவரல் வேண்டும்.

5. படத்தொடரும் கதைகூறலும்

மொழியியலார் படத்தைக் கள ஆய்வில் பயன்படுத்திய முறை இதனை உறுதிப்படுத்தும். வாலஸ் சேஃப் குழுவினர் 1975இல் உருவாக்கிய, பேச்சற்ற பேரிக்காய்த் திரைப்படம் பல மொழியினருக்குக் காட்டப்பட்டு, அவர்தம் கதைகூறல் பதிவு செய்யப்பட்டது. மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட, சொற்களற்ற தவளைக்கதைப் படநூலைக் கொண்டு ருத் பெர்மனும் டான் ஸ்லோபினும் ஆங்கிலம், ஜெர்மன், எபிரேயம், ஸ்பானியம், துருக்கி ஆகிய ஐந்து மொழிகளில் நிகழ்த்திய ஆய்வு 1994இல் நூலாயிற்று. படங்கள் எல்லார்க்கும் ஒன்றே; ஆனால் எதனைக் கூறுவது, எதனை விடுப்பது, இயக்கத்தை வினையில் வைப்பதா துணைச்சொல்லில் வைப்பதா என்பவை மொழிதோறும் வேறுபட்டன. பேசும் பொழுதில் மொழி கவனத்தை வழிநடத்துகிறது என ஸ்லோபின் வாதிட்டார்.

இவ்வாய்வுகள் தனிப்படத்தைவிடப் படத்தொடரையே நம்பின. தொடரில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே நிகழ்ந்ததைக் கூறுபவரே இட்டுநிரப்ப வேண்டும். அங்கே வினையெச்சம் வரும். ‘பானையை எடுத்து, கழுவி, அடுப்பில் வைத்தார்’ என்னும் தொடரை மூன்று படங்கள் வேண்டும். ஒரு படம் வேண்டாது. ஃபிளிக்கரில் ஐந்து படங்களில் ஒரு கதையைக் கூறும் பயனர் குழு ஒன்று இயங்கியது. கருவியின் வாய்ப்புகளுள் தமிழ் வகுப்புக்கு மிக நெருங்கிய முயற்சி இதுவே எனலாம். சொற்பட்டியல் நோக்கில் கருவியைப் புகழ்ந்தோர் இதற்குப் போதிய இடம் தரவில்லை.

6. படவிவரணையும் மொழிபெயர்ப்பும்

வகுப்பறையில் தொடங்கிய இவ்வினா இன்று மொழிபெயர்ப்பாளரையும் தொடுகிறது. ஃபிளிக்கரில் பொதுமக்கள் பகிர்ந்த படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் ஐந்து ஆங்கில விவரணைகளைக் கூலிக்கு எழுதுவித்து, ‘ஃபிளிக்கர்30கே’ என்னும் தொகுப்பு 2014இல் வெளிவந்தது. அதனை அடியொற்றி 2016இல் ‘மல்ட்டி30கே’ வெளிவந்தது. அதில் 31,014 படங்களின் ஆங்கில விவரணைகள் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரால் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டன. அதே படங்களுக்கு ஆங்கிலத்தைப் பாராமலே ஜெர்மனில் 155,070 விவரணைகள் தனியே எழுதுவிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பும் தன்விவரணையும் வேறு என்பதை அத்தொகுப்பின் அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

இந்திய மொழிகளிலும் இவ்வகை முயற்சிகள் தொடங்கின. 2019இல் வெளிவந்த ‘இந்தி விஷுவல் ஜீனோம்’ ஆங்கில விவரணைகளை இந்தியில் பெயர்த்து அமைக்கப்பட்டது. இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உள்ள இடத்தில் படம் பெயர்ப்பாளருக்கு வழிகாட்டும். மேலே கூறிய நெல், அரிசி, சோறு ஆகியவை இதற்குச் சான்று. ஆனால் பெயர்க்கப்பட்ட விவரணையே அம்மொழியின் விவரணை எனக் கொள்ளப்படுமாயின் இடர் நேரும். ஆங்கில விவரணை ஒருவர் உடையின் நிறத்தைக் கூறித் தொடங்கினால் தமிழும் அவ்வாறே தொடங்கும். ஆங்கிலம் கோலத்தை வெண்ணிற வடிவமாகக் கண்டால் தமிழும் ‘தரையில் வெண்ணிற வடிவத்தை வரைகிறாள்’ என்றே சொல்லும். இலக்கணப் பிழை அதில் ஒன்றுமில்லை. எனினும் தமிழர் எவரும் அப்படத்தைக் கண்டு அவ்வாறு கூறார்.

விவரணை நடுநிலையானதும் அன்று. ஃபிளிக்கர்30கே விவரணைகளை 2016இல் ஆராய்ந்த எமியல் வான் மில்டன்பர்க், எழுதியோர் படத்தில் இல்லாத உறவுகளையும் நோக்கங்களையும் ஏற்றிக் கூறுவதையும், வெள்ளையர் அல்லாத குழந்தைகளின் இன அடையாளத்தையே மிகுதியாகக் குறிப்பதையும் எடுத்துக்காட்டினார். எழுதுபவர் தமக்கு இயல்பானதைச் சொல்லாது விடுகிறார், புதியதைச் சொல்கிறார். ஒரு சமூகத்தாருக்கு எது இயல்பு என்பது அவர்தம் விவரணையில் எது விடுபட்டது என்பதால் தெரியும். பெயர்ப்பின்வழி வந்த தமிழ் விவரணையில் விடுபட்டவை தமிழர் விட்டவை அல்ல.

இதனால் மொழி வகுப்பில் மாணவர் எழுதும் தமிழ் விவரணைக்கு ஒரு புதிய மதிப்பு உண்டாகிறது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், தமிழ்பேசுவோர் அதே படத்திற்கு நேரடியாக எழுதிய விவரணைகளை முதலில் திரட்டிக்கொள்ளல் வேண்டும். கற்பவர் எழுத்தை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தல் வேண்டும். ஆங்கில விவரணையோடு ஒப்பிடலாகாது.

7. நடைமுறைச் சிக்கல்கள்

இக்கருவிகளின் நிலைப்பேறு ஐயத்திற்குரியது. ஃபிளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக வழங்கியது. 2018இல் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என வரையறுத்தது. கூகுளின் பிக்காசா 2016இல் கைவிடப்பட்டது. கூகுள் ஃபோட்டோஸ் வழங்கிய அளவற்ற இலவச இடம் 2021 ஜூன் முதல் நின்றது. ஃபோட்டோபக்கெட் 2017இல் பிற பக்கங்களில் படத்தைக் காட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கேட்டது; அதனை நம்பி அமைந்த பக்கங்கள் பலவற்றில் படங்கள் மறைந்தன. ஆகவே பாடத்திற்கு வேண்டிய படத்தையும் மாணவர் எழுதிய விவரணையையும் ஆசிரியர் தம்மிடம் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. விவரணை கருவியில் மட்டும் இருக்குமாயின் கருவியோடு அதுவும் அழியும்.

உரிமை குறித்தும் கவனம் வேண்டும். ஃபிளிக்கர் 2004 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத் தேர்ந்துகொள்ள வழி செய்தது. ஆசிரியர் அவ்வுரிமமுள்ள படங்களைத் தேடி, எடுத்தவர் பெயரோடு பயன்படுத்துதல் முறை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52இன்கீழ், கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுத்துப் பயன்படுத்த விலக்களிக்கிறது. அவ்விலக்கு பொதுத்தளத்தில் மீண்டும் பதிவேற்றுவதற்கும் நீளும் எனக் கொள்ளலாகாது. மாணவர் முகம் தெரியும் படங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவுறாதவரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. வாசல், சந்தை, சமையலறை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் ஆளற்ற படங்களே பள்ளி வகுப்பிற்குப் போதும். ஆள் இல்லாத படம் உய்த்துணர்வுப் பயிற்சிக்கும் ஏற்றது என்பது முன்னரே கூறப்பட்டது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஒளிப்படப் பகிர்வுக் கருவி காட்டத்தக்க பெயர்களைக் கற்பிக்க நன்கு உதவும்; உறவு முதலிய பெயர்களுக்கு உதவாது. வினையின் சொற்சேர்க்கையை அது தராது. வினைக்கூற்றை இணைப்படங்களால் விளக்க இடந்தரும். இடையும் உரியும் படத்தில் இல்லை. ஆனால் படத்தில் இல்லாததைப் பற்றி வினவும்போது அவை வாக்கியத்தில் தோன்றும். குறிச்சொல்லில் நின்றுவிடும் வகுப்பு பெயர்ப்பட்டியலோடு முடியும். விவரணைக்குச் செல்லும் வகுப்பே தமிழைச் சென்றடையும்.

எனவே இக்கருவியை வகுப்பிற்குக் கொண்டுவர விழையும் ஆசிரியர், படங்களைத் தேடுமுன் வினாக்களை எழுதிக்கொள்வாராக. எவ்வடிவத்தை மாணவர் எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அவ்வடிவத்தைத் தவிர்க்கவியலாத படத்தைப் பின்னர்த் தேர்வாராக. நனைந்த முற்றத்தின் படம் எளிதில் கிடைக்கும். ‘பெய்திருக்கிறது’ என்னும் வடிவம் வகுப்பில் பிறக்க வேண்டும் என்று அறிந்த ஆசிரியருக்கே அது பாடமாகும்.